மியன்மாருக்கு உதவப் போகலாமா? பாலக்கோட்டிலிருந்து ஒரு கேள்வி

2025 ஏப்ரல் 1, மாலை (கேள்வி)

மார்ச் 28 நிலநடுக்கத்துக்குப் பிறகு மாண்டலே படங்களைப் பார்த்துத் தூக்கம் வரவில்லை. எனக்கு வயது 23. டிப்ளமோ முடித்து வேலை தேடிக்கொண்டிருக்கிறேன். 40,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். நேரில் போய்க் கல், மண் அள்ளிப் போடவாவது உதவலாம் என்று தோன்றுகிறது. வெளிநாட்டில் இப்படி வேலை செய்தவர்கள் தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் யாராவது இருந்தால் சொல்லுங்கள். போகலாமா?

2025 ஏப்ரல் 1, இரவு 10.40

போக வேண்டாம், தம்பி. 2015-இல் நேபாள நிலநடுக்கத்தின்போது நான் அங்கே இருந்தேன். அதற்குப் பிறகு ஒன்பது மாதம் அங்கேயே இருந்தேன். அந்த அனுபவத்தில்தான் சொல்கிறேன். விடைத்தாள் கட்டு ஒன்று பாக்கி இருக்கிறது. நாளை விரிவாக எழுதுகிறேன்.

2025 ஏப்ரல் 2

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். நிலநடுக்கம் என்று கேள்விப்பட்டு ஓடியவள் இல்லை நான். போயிருந்த இடத்தில் அது வந்தது.

ஊத்தங்கரைப் பக்கம் எங்கள் ஊர். பி.எட். முடித்த கையோடு, 2015 பிப்ரவரியில், ஓராண்டுக்குத் தன்னார்வ ஆசிரியையாகப் போனேன். சாமல்பட்டியில் ரயில் ஏறிச் சென்னை, அங்கிருந்து கோரக்பூர், பிறகு சோனௌலி எல்லை, அதன்பின் மலைப் பாதையில் பஸ். இந்தியருக்கு விசா தேவையில்லை என்பதால்தான் அப்பா சம்மதித்தார். சிந்துபால்சோக் மாவட்டத்தில் ஒரு மலையூர். அரூரிலிருந்து சித்தேரி ஏறியவர்களுக்குச் சொல்கிறேன்: அந்த மலையை இன்னும் மூன்று மடங்கு உயர்த்தி, சரிவெல்லாம் படிப்படியாக வயல் வெட்டினால் எப்படியோ அப்படி இருக்கும். கணக்கும் அறிவியலும் என் பாடங்கள்.

தங்கியது ஓர் அம்மாவின் வீட்டில். தாயை அவர்கள் 'ஆமா' என்று அழைக்கிறார்கள். நானும் அப்படியே அழைத்தேன். இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஊரிலிருந்து என் அம்மா தொலைபேசியில் "சாப்பிட்டாயா?" என்பார். நான் "ஆமா" என்பேன். அடுப்படியிலிருந்து அந்த ஆமா தலையை நீட்டி, "என்ன வேண்டும்?" என்று கேட்பார். கடைசி வரைக்கும் இது தீரவே இல்லை.

ஏப்ரல் 25, சனிக்கிழமை, மணி 11.41. ஆமாவும் நானும் வீட்டுக்கு மேலே இருந்த சோளக்கொல்லையில் களை கொத்திக்கொண்டிருந்தோம். முதலில் சத்தம்தான் வந்தது. கல்குவாரியில் டிப்பர் லாரி ஜல்லி கொட்டும் சத்தம் நம் மாவட்டத்துக்காரர்களுக்குத் தெரியும். அந்தச் சத்தம் மண்ணுக்கு அடியிலிருந்து வந்தது, நிற்கவில்லை. ஆமா என் தலையைப் பிடித்துத் தரையோடு அழுத்திக்கொண்டார். எதிர்மலையில் இருந்த ஊர்கள் ஒவ்வொன்றிலிருந்தும் புழுதி கிளம்பியது, பிறகு எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து மலையே மறைந்துபோனது. புழுதிக்குள்ளிருந்துதான் ஆட்கள் கத்தும் குரல் வந்தது.

நேபாளத்தில் வார விடுமுறை சனிக்கிழமை. எங்கள் பள்ளிக்கூடத்தின் நான்கு அறைகளும் கூரையோடு உட்கார்ந்துவிட்டன. முந்தின நாள் அந்த நேரத்தில் ஆறாம் வகுப்புக்குப் பின்னம் நடத்திக்கொண்டிருந்தேன். பெஞ்சுகள் எல்லாம் கல்லுக்கு அடியில் இருந்தன. அதை நினைத்தால் இப்போதும் கை சில்லிட்டுப் போகிறது. ஆனாலும் என் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் அவரவர் வீட்டுக்குள்ளேயே இறந்துபோனார்கள். ஒருத்தி மாட்டுக்குத் தவிடு எடுக்க உள்ளே நுழைந்தவள்.

நாடு முழுவதும் இறந்தவர்கள் சுமார் 9,000 பேர். மாவட்டங்களிலேயே அதிகம் இழந்தது சிந்துபால்சோக்.

2025 ஏப்ரல் 2, சற்றுப் பின்

ஒரு திருத்தம். 11.41 நம் நேரம். அங்கே 11.56. நேபாளக் கடிகாரம் நம்மைவிட 15 நிமிடம் முன்னால் ஓடும். கால் மணிக்காக மாற்றுவானேன் என்று கைக்கடிகாரத்தை இந்திய நேரத்திலேயே விட்டிருந்தேன். புத்தகங்களில் 11.56 என்றுதான் பார்ப்பீர்கள். எனக்கு மட்டும் அது 11.41.

2025 ஏப்ரல் 4

"அங்கே என்ன உதவி செய்தீர்கள், அக்கா?" என்று பாலக்கோட்டுத் தம்பி கேட்டிருக்கிறார். முதல் ஐந்து நாட்களில் நான் யாருக்கும் சோறு போடவில்லை. எனக்குத்தான் சோறு போட்டார்கள்.

ஆமாவின் வீடு இடிந்து, தானியம் எல்லாம் மண்ணுக்கு அடியில். மூன்றாம் நாள் அவரும் மூத்த மகனும் ஒரு மூலையைத் தோண்டி மரப்பெட்டி ஒன்றை எடுத்தார்கள். உள்ளே கோதோ. கோதோ என்றால் வேறொன்றும் இல்லை, நம் ராகிதான். நான் வந்த முதல் வாரமே அதைப் பார்த்துச் சிரித்தேன், இத்தனை தூரம் வந்தும் கேழ்வரகா என்று. மாவைக் கொதிநீரில் போட்டுக் கிண்டித் 'திண்டோ' என்று தட்டில் வைப்பார்கள். அசல் களி. உருட்டிக் குழம்பில் தோய்த்து மெல்லாமல் விழுங்குவதும் நம்மைப் போலவேதான். நகரத்திலிருந்து வந்த நேபாள ஆசிரியர் ஒருவருக்கு அது தொண்டையில் இறங்காது. எனக்கு இறங்கியதில் ஆமாவுக்குப் பெரிய சந்தோஷம்.

அன்றைக்கு அந்த ராகியைத் தரையில் ஒரு துணியில் பரப்பி, கண்ணாடிச் சில்லும் சுவர் மண்ணும் பொறுக்கினோம். ஓட்டுத்துண்டு ஒன்று, கல் ஒன்று, ராகி ஒரு பிடி. இரண்டு மணி நேரத்தில் நான்கைந்து படி தேறியது. அதில் பாதியை ஆமா ஒரு துணியில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டார். விதைக்கு. பேரன் பசியில் அழும்போதும் அந்த முடிச்சை அவிழ்க்கவில்லை. மீதியில் கிண்டிய களியில் முதல் உருண்டை என் தட்டில்தான் விழுந்தது, விருந்தாளி என்று. வேண்டாம் என்றேன். கேட்கவில்லை.

தம்பி, இதற்காகத்தான் போக வேண்டாம் என்கிறேன். நீங்கள் மாண்டலே போய் இறங்கினால் அங்கே சாப்பிட ஒரு வாய் கூடுகிறது, படுக்க ஓர் இடம் குறைகிறது. மொழி தெரியாது. உள்நாட்டுச் சண்டை நடக்கிற நாடு. நம் நாட்டிலிருந்து 'ஆபரேஷன் பிரம்மா' என்ற பெயரில் தேசியப் பேரிடர் மீட்புப் படையும் ராணுவ மருத்துவக் குழுவும் போயிருக்கின்றன. கருவியும் பயிற்சியும் உள்ளவர்கள் அவர்கள்.

2025 ஏப்ரல் 5

நிவாரணம் பற்றி ஒருவர் கேட்டார். எங்கள் ஊருக்கு முதல் ஜீப் வந்தது ஆறாம் நாள். பாதையெங்கும் மண்சரிவு. பிஸ்கட், நூடுல்ஸ், பழைய துணி, பாட்டில் தண்ணீர். ஜனங்கள் கேட்டது ஒன்றுதான்: 'திரிபால்', அதாவது தார்ப்பாய். மாலையானால் மழை. ஜீப்பில் பன்னிரண்டு தார்ப்பாய் இருந்தது. பாதையோரம் நின்றவர்களுக்குக் கிடைத்தது. மேல் குடியிருப்பு அங்கிருந்து ஒரு மணி நேர ஏற்றம். அவர்கள் இறங்கி வருவதற்குள் ஜீப் திரும்பிவிட்டது. என்னை அனுப்பிய அமைப்பிலிருந்து அன்றுதான் தகவலும் வந்தது: தன்னார்வலர்கள் எல்லாரும் காத்மாண்டு வந்து ஊர் திரும்ப வேண்டும். ஜீப்பில் இடமும் இருந்தது. ஏறவில்லை. அப்பா இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை.

மலையில் ஊற்று இருக்கும்போது பாட்டில் தண்ணீர் எதற்கு என்று அப்போது எனக்குக் கோபம் வந்தது. என் கோபம் தவறு. நடுக்கத்துக்குப் பிறகு மேல் ஊற்று வற்றிப்போயிருந்தது, கீழ் ஊற்று சேறாக வந்தது. நான் இருந்த பக்கம் மட்டும் தெளிந்திருந்தது. மேலே போய்ப் பார்க்காமலேயே முடிவு கட்டியிருந்தேன்.

2025 ஏப்ரல் 8

பட்டியல் கதையைச் சொல்ல வேண்டும். மற்றதையெல்லாம் மறந்தாலும் பரவாயில்லை, இதை மட்டும் தம்பி படிக்க வேண்டும்.

ஜீப் போன மறுநாள் தலைமையாசிரியர் என்னிடம் சொன்னார்: அடுத்த முறை யாராவது வந்தால் யார் யாருக்கு என்ன வேண்டும் என்று எழுதி வைத்திருக்க வேண்டும், நீ யாருக்கும் உறவில்லை, நீ எழுது. பள்ளிக்கூட இடிபாட்டில் வருகைப் பதிவேடு கிடைத்தது. அட்டை கிழிந்து, பக்கங்கள் நனைந்து ஒட்டியிருந்தன. அதை வெயிலில் காயவைத்துப் பிள்ளைகளின் பெயரிலிருந்து குடும்பங்களைப் பிடித்தேன். இரண்டே மாதமானாலும் எந்தப் பிள்ளை எந்தப் பாதையில் இறங்கி வருகிறது என்று தெரிந்திருந்தது. அரை நாளில் முடித்துவிட்டேன். எனக்கே பெருமையாக இருந்தது.

மாலையில் ஆமா ஒரு கேள்வி கேட்டார்: "பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இல்லாதவர்கள் நனையட்டுமா?" பிள்ளையில்லாத கிழவன் கிழவி, மகன் வளைகுடாவில் இருக்கத் தனியாக வாழும் தாய், கைக்குழந்தைக்காரி, ஒருவரும் என் பட்டியலில் இல்லை.

மறுநாள் வீடு வீடாக ஏறினேன். வீடு என்று சொல்ல ஒன்றும் இல்லை, கல்குவியல்தான். ஒரு குவியலுக்கு ஒரு தார்ப்பாய் என்று எழுதினேன். ஒரு வாரத்தில் இன்னொரு வண்டி வந்தது, பட்டியல்படியே கொடுத்தோம். அன்று இரவு நல்ல மழை. ஒரே தார்ப்பாய்க்கு அடியில் மூன்று அண்ணன் தம்பிகள், மூன்று மனைவிகள், ஒன்பது பிள்ளைகள். பெண்கள் மூவரும் விடிய விடிய வெளியே உட்கார்ந்திருந்தார்கள். ஒரு கூரைக்குக் கீழே இருந்தாலும் அவர்கள் எப்போதோ தனி அடுப்பு வைத்தவர்கள். தானியம் தனி, கடன் தனி, ஆடு தனி. பக்கத்துக் குவியலில் பெரிய வீட்டுக்காரர் ஒருவர், கணவன் மனைவி இரண்டே பேர், அவர்களுக்கும் ஒரு தார்ப்பாய்.

காலையில் ஆமா என் நோட்டை வாங்கிப் பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. கோடுகளை எண்ணிப் பார்த்துவிட்டு, "நீ சுவரை எண்ணியிருக்கிறாய். சுவர்தான் விழுந்துவிட்டதே. அடுப்பை எண்ணு" என்றார்.

மூன்றாவது முறை அடுப்பை எண்ணினேன். எந்தக் குவியலின் ஓரத்தில் எத்தனை இடத்தில் மூன்று கல் வைத்துப் புகை வருகிறது என்று காலையில் மேட்டில் நின்று பார்த்தாலே போதும். 61 கூரை இருந்த ஊரில் 94 அடுப்பு. தனி அடுப்பு என்றால் என்ன என்று எங்கள் ஊர்ப் பெண்ணான எனக்கு ஒருவர் சொல்லித் தரவேண்டுமா? என் பெரியப்பாவும் அப்பாவும் ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு வைத்துப் பதினைந்து வருடம் இருந்தவர்கள். வெளியூர் போனதும் அந்த அறிவை எங்கேயோ வைத்துவிட்டு, படிவத்தில் உள்ள கட்டத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன்.

2025 ஏப்ரல் 9

ஓசூர் அண்ணன் எழுதியிருப்பது: "எல்லாரும் போகாமல் இருந்தால் இடிபாட்டில் சிக்கியவனை யார் எடுப்பார்கள்?" எங்கள் ஊரில் முதல் மூன்று மணி நேரத்தில் எடுக்கப்பட்டவர்கள் அத்தனை பேரையும் எடுத்தது பக்கத்து வீட்டுக்காரர்கள்தான். மண்வெட்டி, கடப்பாரை, கை. பயிற்சி பெற்ற படைகளுக்குப் பெரிய நகரங்களின் கான்கிரீட்டில்தான் வேலை. அங்கே கை போதாது.

2025 ஏப்ரல் 11

மேலே "போக வேண்டாம்" என்று வெட்டிச் சொன்னதை மூன்று நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். முழுக்கச் சரியில்லை.

அந்த நவம்பரில் பெங்களூரில் வேலை செய்யும் மேஸ்திரி ஒருவர் வந்தார். நம் காவேரிப்பட்டணத்துக்காரர். ஓர் என்ஜினியரோடு மூன்று வாரம் இருந்தார். அவர் வந்தது பயனுள்ள வருகை என்று உறுதியாகச் சொல்வேன். அவர் ஏன் பயன்பட்டார் என்று சொல்கிறேன்.

அங்கே வீடுகள் மண்சாந்தில் வைத்த கல்சுவர். பார்க்க ஒன்றரை அடி கனம், கோட்டை மாதிரி இருக்கும். உண்மையில் அது உள்முகம், வெளிமுகம் என்று இரண்டு மெல்லிய சுவர்கள், நடுவில் சில்லுக்கல்லும் மண்ணும். இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் நீளக்கல் இருக்காது. தரை ஆடினால் வெளிமுகம் பிதுங்கிச் சரிகிறது, கூரை உள்ளே விழுகிறது. முக்கோணமாக மேலெழும் பக்கச்சுவர் முதலில் போகிறது. மேஸ்திரி செய்து காட்டியது: சுவரின் முழுக் கனத்துக்கும் பாயும் நீளக்கல்லை நான்கடிக்கு ஒன்றாக வைப்பது, மூலைக் கற்களை மாற்றி மாற்றிப் பூட்டுவது, சன்னலுக்குக் கீழும் மேலும் வீட்டைச் சுற்றி மரத்தாலோ கான்கிரீட்டாலோ ஒரு பட்டை ஓட்டுவது, பக்க முக்கோணத்தைக் கல்லில் ஏற்றாமல் தகரத்தில் முடிப்பது. மொழி தெரியாது அவருக்கு. கல்லைக் கையில் எடுத்துத் திருப்பிக் காட்டினால் அங்குள்ள கொத்தனாருக்குப் புரிந்துவிடும். இரண்டு பேரும் கல்லைத் தட்டிச் சத்தம் கேட்டே தரம் சொல்வார்கள்.

நம் பக்கத்துப் பழைய கல்வீடுகளிலும் இதே குறைதான் என்று ஊர் திரும்பும்போது சொல்லிவிட்டுப் போனார்.

ஆக, தம்பி, என் பதிலைத் திருத்துகிறேன். இப்போது போக வேண்டாம். கேமராக்கள் வேறு பக்கம் திரும்பிய பிறகு, அவர்கள் கேட்கும் வேலை உங்கள் கையில் இருந்தால், அழைப்பவர் ஒருவர் அங்கே இருந்தால், போகலாம்.

2025 ஏப்ரல் 12

பணம் பற்றி: வீடு கட்ட அரசு முதலில் 2 லட்சம் நேபாள ரூபாய் என்றது, பிறகு 3 லட்சமாக்கியது. ஐம்பதாயிரம், ஒன்றரை லட்சம், ஒரு லட்சம் என்று மூன்று தவணை. அடித்தளம் பார்த்து, சுவர் பார்த்து, அடுத்த தவணை. நான் கிளம்பிய 2016 ஜனவரி வரை எங்கள் ஊரில் யாருக்கும் முதல் தவணை வரவில்லை. குளிர்காலம் முழுவதும் தகரக் கொட்டகைதான். தகரம் இரவில் வியர்க்கும். உள்ளே படுத்திருப்பவர்களின் மூச்சே நீராகித் தகரத்தில் கோத்து, விடியற்காலம் முகத்தில் சொட்டும். ஆமா கூரைக்கு உள்பக்கம் வைக்கோல் திணித்துப் பார்த்தார். எலி வந்தது. எடுத்துவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் எல்லையில் லாரிகள் நின்று, செப்டம்பர் கடைசியிலிருந்து பல மாதம் பெட்ரோல், எரிவாயு, மருந்து எல்லாம் தட்டுப்பாடு. "உன் நாட்டு எல்லைதானே" என்று பஸ்ஸில் ஒருவர் என்னிடம் கேட்டார். தலையைக் குனிந்துகொண்டேன். ஆமாவின் பெரிய மகன் அவரை அதட்டி உட்கார வைத்தார்.

2025 ஏப்ரல் 15

2015 மே 12 பற்றி ஒரே ஒரு பத்தி. இரண்டாவது பெரிய நடுக்கம், 7.3. அங்குள்ள நேரம் பகல் 12.50. மியன்மாரில் இந்த மார்ச் 28-உம் அங்குள்ள நேரம் 12.50. செய்தியில் அந்த எண்ணைப் பார்த்ததும் வகுப்பறையில் சாக்பீஸோடு நின்றுவிட்டேன். பிள்ளைகள் "டீச்சர், டீச்சர்" என்று கூப்பிட்டது கேட்கவில்லை. பத்து வருடம் ஆகிவிட்டது. ஊத்தங்கரை ரோட்டில் பெரிய கிரானைட் லாரி போனால் இன்றும் கதவு நிலையைப் பிடிக்கிறேன்.

2025 ஏப்ரல் 20

"நம் ஊரில் அப்படி ஒன்றும் வராது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். 2024 டிசம்பர் 2-ஐ அதற்குள் மறந்துவிட்டீர்களா?

ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியது நவம்பர் 30 இரவு. கடலிலிருந்து இத்தனை தூரம் இருக்கிறோம், நமக்கென்ன என்று படுத்தோம். டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர், அரூரில் 33. ஏரி நிரம்பி வழிந்து, பஸ் நிலையத்துப் பக்கம் நிறுத்தியிருந்த வேன்களும் கார்களும் சரிவில் உருண்டு ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கிடந்ததை நாடே பார்த்தது.

நான் குடியிருக்கும் தெருவுக்குப் பின்னால் லைன் வீடுகள். இடுப்பளவு தண்ணீர் வடிந்த பிறகு மத்தியானம் மெயின் ரோட்டில் சாம்பார் சாதப் பொட்டலம் வந்தது, வந்துகொண்டே இருந்தது. ரோட்டோரம் இருந்தவர்களுக்கு மூன்று தடவை கிடைத்தது. லைன் வீடுகளுக்கு ஒருவரும் நுழையவில்லை. ஏறிவந்து கேட்பதற்கு அந்தப் பெண்களுக்குக் காய்ந்த புடவை இல்லை. பழைய துணி மூட்டை மூட்டையாக வந்து ஏரிக்கரைச் சேற்றில் கிடந்தது, வயதுவந்த பெண்ணுக்கு உள்ளாடையோ நாப்கினோ அதில் ஒன்றுகூட இல்லை. நான் கேட்டு எழுதிய முதல் பக்கம்: தீப்பெட்டி, பாய், காய்ந்த விறகு, நாப்கின், கொசுவர்த்தி.

நோட்டை எடுத்துக்கொண்டு போனபோது கதவிலக்கம் ஒன்று, குடும்பம் ஆறு. சிந்துபால்சோக் பாடம் இருந்ததால் இந்த முறை நேராக அடுப்பை எண்ணினேன். எண்ணி, அரிசி மூட்டை பிரித்து, எல்லாம் சரி என்று நினைத்தேன்.

சரியில்லை. கடைசி அறையில் ஒடிசாவிலிருந்து வந்த கட்டட வேலையாட்கள், ஒன்பது பேர், ஒரே அடுப்பு. அவர்களுக்கும் நான் எழுதியது ஓர் அடுப்புக்கான ஐந்து கிலோ. அவர்களில் மூத்தவர் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டார். இரண்டு நாள் கழித்து அந்தப் பக்கம் போனபோது கஞ்சி கரைத்துக்கொண்டிருந்தார்கள், அரைப் பானைக்கு மேல் தண்ணீர். எனக்குத் தெரிந்த கொச்சை இந்தியில் ஏன் கேட்கவில்லை என்றேன். "கொடுத்ததே பெரிது" என்றார். அன்றிலிருந்து நோட்டில் அடுப்புக்குப் பக்கத்தில் தட்டுக்கும் ஒரு கோடு போடுகிறேன்.

2025 ஏப்ரல் 21

நேற்று எழுத விட்டுப்போனது. வெள்ளத்துக்குப் பிறகு அதிகம் பேர் என்னிடம் கொண்டுவந்தது பசியை அல்ல, காகிதத்தை. பட்டா, ரேஷன் அட்டை, ஜாதிச் சான்றிதழ், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல். ஒருத்தியின் சான்றிதழ்கள் பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே தண்ணீர் புகுந்து ஒட்டிப்போயிருந்தன. உறையைப் பிளேடால் கீறி, இரண்டு பழைய வேட்டிக்கு நடுவில் வைத்து, இளஞ்சூட்டில் இஸ்திரி போட்டேன். மை கொஞ்சம் கசிந்தது, பதிவெண் தப்பியது. வருகைப் பதிவேட்டை நேபாளத்தில் இப்படிக் காயவைக்கத் தெரியாமல் பத்துப் பக்கத்தைக் கிழித்திருந்தேன்.

2025 மே 3

தம்பி எழுதியிருக்கிறார்: பயணத்தைக் கைவிட்டுவிட்டார். ஆட்சியர் அலுவலகத்தில் பேரிடர்த் தன்னார்வலர் பயிற்சி பற்றி விசாரித்திருக்கிறார், அடுத்த அணிக்குப் பெயர் கொடுத்திருக்கிறார். 40,000-இல் பத்தாயிரத்தை மியன்மார் நிவாரணத்துக்கு அனுப்பிவிட்டாராம். மிகவும் சந்தோஷம். கயிறு முடிச்சு நன்றாகப் பழகுங்கள். ஊத்தங்கரையில் அன்று கயிறு இருந்தது, கட்டத் தெரிந்த கை இரண்டுதான் இருந்தது.

2025 மே 4

ஒருவர் கேட்டார், அவர்கள் உங்களுக்கு என்ன செய்தார்கள் என்று. களி உருண்டையை முன்பே சொல்லிவிட்டேன். இன்னொன்று.

2015 டிசம்பர் முதல் வாரம் சென்னை வெள்ளம். தகரக் கொட்டகையில் ரேடியோவில் கேட்டோம். தமிழ்நாடு என்ற சொல் காதில் விழுந்ததும் ஊரே திரண்டு வந்தது, உன் வீடு முழுகிவிட்டதா என்று. சென்னை எங்கள் ஊரிலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல், எங்களுக்கு ஒன்றுமில்லை என்று சொன்னேன். யாரும் நம்பவில்லை. நான் கவலைப்படுத்தாமல் மறைக்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள். ஜனவரியில் கிளம்பும்போது ஆமா ஒரு பாத்தி கோதோவைத் துணியில் கட்டி என் பையில் வைத்தார். பாத்தி என்பது அவர்கள் அளவை, நான்கரை லிட்டர் பிடிக்கும், நம் வள்ளத்தைப் போல. இடுப்பில் முடிந்து காப்பாற்றிய விதையின் அறுவடை அது. "உங்கள் வீட்டிலும் விதை நனைந்திருக்கும்" என்றார்.

இரண்டு ரயில் மாறி அதைச் சுமந்து வந்தேன். ஆடிப் பட்டத்தில் விதைக்க வேண்டும் என்று அம்மாவிடம் கொடுத்துவிட்டு, அசதியில் இரண்டு நாள் தூங்கினேன். எழுந்து பார்த்தால் அம்மா பாதியை அரைத்துக் களி கிண்டிவிட்டிருந்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "நம் ராகியின் மணம் இல்லை, ஆனால் களி உதிரவில்லை, நல்ல பதம்" என்றார். மீதியைக் கிணற்று மேட்டில் விதைத்தோம். தழை நன்றாக வந்தது, கதிர் சிறுத்துவிட்டது. மாட்டுக்குப் போட்டோம்.

2025 மே 11

நேற்று ஆமாவிடம் பேசினேன். இந்த இழையைப் பற்றிச் சொன்னேன், அடுப்பை எண்ணச் சொன்னதை எழுதியிருக்கிறேன் என்றேன். அவருக்கு அது நினைவில்லை. சோளம் முழங்கால் உயரம் வந்துவிட்டதாம். அரசுப் பணத்தில் கட்டிய இரண்டு அறை வீட்டுக்கு இப்போது நீலத் தகரம் போட்டிருக்கிறார்கள். சின்ன மகனுக்குத் தை மாதம் கல்யாணம் முடிந்தது. மருமகள் வந்து மூன்று மாதம்.

"அடுப்பு இரண்டாகிவிட்டது. உன் நோட்டில் திருத்திக்கொள்" என்றார்.